கொங்கிறீற்றுக்கு ஆகாத கல்

மேசன் குலம் கல்லறையின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"நீங்களும் தட்டிப் பாருங்கோ மாஸ்டர். நூறு வருசத்துக்கு அசையாது."

நானும் தட்டினேன். வெயிலில் காய்ந்த சீமெந்து கையைச் சுட்டது. நெடுந்தீவுச் சேமக்காலையில் மற்றக் கல்லறைகள் உப்புக் காற்றில் உதிர்ந்து விளிம்பு தேய்ந்து கிடக்க, இது மட்டும் கூர் மாறாமல் நின்றது. தலைமாட்டில் சிலுவை வைத்தாகிவிட்டது. பெயர் இன்னும் பொறிக்கவில்லை. பெயர் பொறிக்கிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டும், காற்று ஓய்ந்த பிறகுதான் வருவாராம்.

உள்ளே கிடப்பவர் என் நண்பர் அருளப்பு. அன்று அவருக்கு முப்பத்தோராம் நாள். காலைப் பூசை முடிந்து வந்தவர்கள் கலைந்து போன பிறகு, கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல, குலம்தான் கூட்டி வந்தான். கட்டியவன் அவன். செய்த வேலையைக் காட்டுகிற சந்தோசம் அவன் முகத்தில் இருந்தது.

ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக, "சல்லி எங்கையிருந்து இறக்கினது?" என்று கேட்டேன்.

"சல்லியோ?" குலம் சிரித்தான். "ஒரு கூடை சல்லிகூட இறக்கேல்லை. எல்லாம் அவரின்ரை கல்லுத்தான். திரேசம்மா அக்கா பெட்டி பெட்டியாத் தூக்கித் தந்தவ. என்ன கல்லு மாஸ்டர், எல்லாம் நல்ல இறுகின கல்லு! பெரிசுகளைச் சம்மட்டியாலை உடைச்சுப் போட்டன். இந்தத் தீவிலை ஒருத்தருக்கும் இப்பிடி ஒரு கொங்கிறீற் இல்லை."

பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தேன். அது யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை.

நான் அன்று கடல் கடந்து போனதே அந்தக் கற்களை எடுத்து வரத்தான். என் தோள் பையில் நான்கு உரப்பையும் ஒரு கட்டுப் பழைய பத்திரிகையும் இருந்தன. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும் என்று கொண்டு போயிருந்தேன்.

நுரைக்காத கல்

பாடசாலை ஆய்வுகூடத்தில் நான் உதவியாளனாக இருந்த காலத்தைப் பற்றி முந்தைய அத்தியாயங்களில் எழுதியபோது, கல் சேர்க்கிற என் பழக்கத்தையும் இடையிடையே தொட்டிருந்தேன். வவுனியாவிலிருந்து ஒரு வாசகி, "இந்தக் கல்லுப் பைத்தியம் உங்களுக்கு எப்படிப் பிடித்தது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். பைத்தியம் என்று அவர் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. என் மனைவி இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறார்.

கரம்பொனில் பிறந்தவனுக்குக் கல் என்றால் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டினால் அதுதான், மலகூடத்துக்குக் குழி வெட்டினாலும் அதுதான். தீவுகள் எல்லாமே அந்த ஒரு கல்லின் முதுகுகள். ஒரு சொட்டு அமிலம் விட்டால் சோடாப் போலப் பொங்கி நுரைக்கும். ஆய்வுகூடத்தில் அமிலப் போத்தல் என் பொறுப்பில் இருந்தது. அதனால் ஊரில் கண்ட கல்லுக்கெல்லாம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. எல்லாம் நுரைத்தன. நுரைக்காத கல் ஒன்றைத் தேடி வருசக் கணக்கில் அலைந்தேன்.

என்னிடம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது இந்த மண்ணுடையது அல்ல. அப்பாவுக்குப் பலாங்கொடையில் சுருட்டுக்கடை. மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர்கள் கடைக்கு வரும்போது, விலைபோகாத கற்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி வந்ததுதான் அந்தக் கறுப்புத் தோரமல்லி. விரல் நீளம், பக்கங்களில் நெடுகக் கோடு கோடாக இருக்கும். கலவரத்தில் கடை எரிந்த வருசம் நாங்கள் உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து சேர்ந்தோம். என் காற்சட்டைப் பையில் அது கிடந்தது. அப்பா அதற்குப் பிறகு பலாங்கொடை என்ற பெயரையே எடுக்கவில்லை. நான் கல்லை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். அந்தக் கடையில் இருந்த சாமான்களில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

கல்லின் உண்மையான நிறம் தெரிய வேண்டும் என்றால் அதை நனைக்க வேண்டும். வெளியில் போகும்போது தண்ணீருக்கு எங்கே போவது? நாக்கால் தொட்டுப் பார்ப்பேன். கல் சேர்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது. என் மனைவி இப்போது கனடாவில் மகளோடு இருக்கிறார். ஆறு மாதம் என்று சொல்லிப் போனவர், நான்கு வருசமாகிறது. போவதற்கு முன் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவார்: "ஊரிலை மற்ற ஆம்பிளையள் குடிக்கினம். இவர் கல்லு நக்கிறார்."

"பசிக்குதோ ஐயா?"

அருளப்புவை நான் சந்தித்ததே நாக்கால்தான்.

சண்டை முடிந்து சில வருசங்கள் ஆகியிருந்தன. நயினாதீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றேன். பக்கத்தில் ஒரு வலைக் குவியல். வலையோடு கட்டியிருந்த கற்களில் ஒன்று கன்னங்கறுப்பாக இருந்தது. குனிந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாக்கை வைத்தேன்.

"பசிக்குதோ ஐயா?" என்று ஒரு குரல் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தால் நெஞ்சு விரிந்த ஒரு மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல் நிற்கிறார். என்னை விடச் சில வயது குறைவு.

"இந்தக் கல்லு எங்கத்தையான்?" என்று கேட்டேன்.

"அடியிலை கிடந்தது. நான் சங்கு குளிக்கிறனான். எங்கடை தீவுக்கு மேற்காலை ஒரு இடத்திலை குவியலாக் கிடக்கு. பழைய காலத்துத் தோணி ஒண்டு அடியிலை தாண்டு போயிருக்க வேணும். பாரத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த கல்லு."

"எங்கடை கல்லு இல்லை எண்டு எப்பிடித் தெரியும்?"

"எங்கடை கல்லைப் பூச்சி துளைக்கும். உதைத் துளைக்கிறேல்லை. வடிவாப் பாருங்கோ, ஒரு ஓட்டை இல்லை."

நான் அமிலப் போத்தலோடு இருபது வருசம் அலைந்து தெரிந்துகொண்டதை, அவர் கண்ணால் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார். அன்று நான் நயினாதீவுக்குப் போகவில்லை. படகு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

நான் பாடசாலையில் வேலை என்று சொன்னதும் அவர் என்னை "மாஸ்டர்" ஆக்கிவிட்டார். நான் படிப்பிக்கிறவன் இல்லை, போத்தல் கழுவுகிறவன் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்களுக்குள் பார்சல் போக்குவரத்து தொடங்கியது. அவர் ஒரு கல்லைப் பத்திரிகையில் சுற்றிப் படகில் கொடுத்துவிடுவார். படகுக்காரர்கள் இறங்குதுறைத் தேநீர்க்கடையில் வைப்பார்கள். நான் இரண்டு பஸ் மாறிப் போய் எடுத்து, வேறொன்றைச் சுற்றி வைத்துவிட்டு வருவேன். "கல்லுப் பார்சல் வந்திருக்கு" என்று கடைக்காரர் சத்தம் போடுவார். அங்கே நிற்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கற்களுக்கு இலக்கம் போடுகிற முறையும் அவருடையதுதான். கடற்தொழில் செய்கிறவர்கள் தங்கள் வலை மிதப்புகளுக்குத் தனித்தனி அடையாளம் வைப்பார்கள். அருளப்புவின் அடையாளம் வெள்ளைப் பெயின்ற் புள்ளி. அதையே கல்லிலும் வைத்தார். காய்ந்த பிறகு புள்ளியின் மேல் மெல்லிய இலக்கம். அதே இலக்கம் ஒரு பாடசாலைக் கொப்பியில்: என்ன கல், எங்கே கிடந்தது, யார் எடுத்தது. நானும் அதைப் பார்த்து என் கற்களுக்குப் புள்ளி வைக்கத் தொடங்கினேன். என் புள்ளி மஞ்சள்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் மனைவி திரேசம்மாவும் அவரும் மட்டும்தான். கல்லுப் பெட்டிகள் கட்டிலுக்குக் கீழே தொடங்கிக் குசினி வாசல் வரை வந்துவிட்டன என்று சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருக்கும்.

சாட்டியில் தொலையாத சங்கிலி

கைத்தொலைபேசி வந்த பிறகு எங்களைப் போன்றவர்கள் நாடெங்கும் இருப்பது தெரிந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேருக்கு மேல் இருந்தோம். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை எழுதுவினைஞர், மட்டக்களப்பில் ஒரு வைத்தியர், பலாங்கொடைப் பக்கத்துச் சிங்களவர் ஒருவர். அவர் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர். உடைந்த தமிழில் குரல் அனுப்புவார். கல்லைப் பற்றிப் பேசும்போது அந்தத் தமிழ் எப்படியோ போதுமாக இருந்தது.

ஒரு தரம் அவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் வான் பிடித்து யாழ்ப்பாணம் வந்தார்கள். சாட்டிக் கடற்கரையில் கூடினோம். அருளப்பு முதல் படகில் ஏறி, ஒரு மீன்பெட்டி நிறையக் கல்லோடு வந்து சேர்ந்தார்.

வயது வந்த மனிதர்கள் கடற்கரையில் குனிந்து, சிலர் முழங்காலில் நின்று, மணலைக் கிளறுவதைக் கண்டால் சனம் என்ன நினைக்கும்? சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு குடும்பத்து அம்மா எழுந்து வந்தார். "ஐயோ, சங்கிலியோ துலைஞ்சது? எத்தினை பவுண்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரும் குனிந்துவிட்டார். அவருடைய பிள்ளைகளும் குனிந்தார்கள். பிறகு பக்கத்துக் குடும்பமும் வந்தது. கால் மணி நேரத்தில் சாட்டிக் கடற்கரை முழுவதும் யாரும் தொலைக்காத சங்கிலி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. அருளப்பு மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அன்று மத்தியானம் பலாங்கொடைக்காரரிடம் என் தோரமல்லியைக் கொடுத்தேன். அவர் உருட்டிப் பார்த்து, நனைத்துப் பார்த்து, "இது எங்கட ஊர்" என்றார். எந்த ஆற்றுப் பக்கம் என்றும் சொன்னார். அப்பாவின் கடைக்குப் பின்னால் ஓடியது அந்த ஆறுதான்.

அருளப்பு கல்லைக் கையில் வாங்கினார். வாங்கியவர் பின்னேரம் வரை கொடுக்கவில்லை.

"நான் மலையைக் கண்ணாலை பாக்கேல்லை மாஸ்டர்," என்றார். "படத்திலை பாத்ததுதான்."

"நீரே வைச்சிரும்," என்றேன்.

"சீ, உங்கடை அப்பான்ரை கடைக் கல்லு."

"அதுதான் சொல்லுறன், வைச்சிரும்."

என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த நல்ல காரியங்கள் குறைவு. அது ஒன்று.

சிரிக்கிற மஞ்சள் முகம்

இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் இந்த அத்தியாயமே தேவையில்லை.

ஒரு நாள் அருளப்பு குழுவில் ஒரு படம் போட்டார். கைமுட்டி அளவில் பச்சைக் கல். சூரியனுக்கு நேரே பிடித்து எடுத்த படம், ஒளி உள்ளே புகுந்து பச்சை பச்சையாக நின்றது. கீழே எழுதியிருந்தார்: "மேற்குப் பாரிலை எட்டுப் பாக ஆழத்திலை எடுத்தது. என்ரை பெட்டியளிலை இப்பிடி ஒண்டு இல்லை. ஒருத்தரிட்டையும் இராது எண்டு நினைக்கிறன். இது என்ன கல்லு எண்டு பெரியாக்கள் சொல்லுங்கோ."

விற்கிற எண்ணம் அவருக்கு இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் மங்கிய கற்கள், கறுப்பும் சாம்பலும். மற்றவர்கள் ஊதாவும் சிவப்பும் படம் போடும்போது அவர் கைகூப்புகிற படம் போட்டுவிட்டு இருப்பார். இப்போதுதான் முதல் தரம் தானும் ஒன்றைக் காட்டுகிறார்.

பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழிகள். அது போத்தல் கண்ணாடி. எங்கோ நெருப்பில் உருகிக் கட்டிபட்டு, கடலில் உருண்டு மழுங்கியது.

குழுவில் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். வைத்தியர் "மிக அழகு" என்று எழுதினார். ஹற்றன்காரர் "நேரில் பார்த்தால்தான் சொல்லலாம்" என்றார். பலாங்கொடைக்காரர் ஒரு பூ அனுப்பினார். அவர்களுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

நான் எழுதினேன்: "இது கல் அல்ல. போத்தல் கண்ணாடி உருகியது. குமிழியைப் பார்க்கவும். எறிந்துவிடலாம்."

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றையும் பின்னால் போட்டேன். ஏன் போட்டேன் என்று எத்தனையோ நாள் என்னையே கேட்டிருக்கிறேன். நான் அவருடைய நெருங்கிய கூட்டாளி, அந்த உரிமை எனக்கு உண்டு என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக இருக்கலாம். உண்மையில் அறுபது பேருக்கு முன்னால் நான்தான் விசயம் தெரிந்தவன் என்று காட்டியதுதான்.

அருளப்பு பதில் எழுதவில்லை. அடுத்த நாள் விடிய, அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார் என்ற ஒரு வரி திரையில் கிடந்தது.

நான் அழைக்கவில்லை. நான் சொன்னது சரிதானே, சரியைச் சொன்னவன் ஏன் போய்ச் சமாதானம் பேச வேண்டும் என்று இருந்தேன். பார்சல் வருவது நின்றது. இரண்டு வருசம் நான் குறிகட்டுவான் பக்கமே போகவில்லை. கல்லைப் பற்றி நான் சொன்னது இன்றைக்கும் சரிதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சோளகம்

இரண்டு வருசத்துக்குப் பிறகு தேநீர்க்கடைக்காரர் அழைத்தார். "மாஸ்டர், கல்லுப் பார்சல் வந்திருக்கு."

போனேன். பழைய மாதிரியே பத்திரிகைச் சுற்று. பிரித்தால் உள்ளே கல் இல்லை. கொப்பியில் கிழித்த ஒரு தாள்.

"மாஸ்டர், எனக்கு ஏலாது. கல்லு முந்நூறு சொச்சம் இருக்கு. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ. பச்சைக்கல்லைப் பற்றிக் கதைக்க மாட்டன்."

கடைசி வரியை வாசித்துவிட்டு அந்தக் கடை வாங்கிலேயே இருந்துவிட்டேன். கதைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறார், நான் வர வேண்டும் என்பதற்காக. குற்றம் செய்தவன் நான்.

அன்றைக்கே படகு ஏறியிருக்க வேண்டும். அடுத்த படகு முக்கால் மணியில் இருந்தது.

ஏறவில்லை. ஏலாது என்று தொழிலாளிகள் தடிமன் காய்ச்சலுக்கும் சொல்லுவார்கள் என்று நினைத்தேன். முந்நூறு கல்லைக் கொண்டுவந்து எங்கே வைப்பது, முதலில் மரத் தட்டு அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். வேலணையில் ஒரு தச்சரிடம் போய், நல்ல பலகையில், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு அறை என்று அளவு கொடுத்தேன். அவர் மூன்று கிழமை எடுத்தார். அந்த மூன்று கிழமையும் நான் அருளப்புவுக்காக வேலை செய்துகொண்டிருப்பதாகவே நம்பினேன். அந்த முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத்தான் பலகைக்குப் பின்னால் ஒளிந்தேன் என்பது அப்போது விளங்கவில்லை.

தட்டு வந்த கிழமை சோளகக் காற்றுப் பிடித்தது. ஒரு நாள் படகு ஓடும், இரண்டு நாள் ஓடாது. ஓடுகிற நாளில் எனக்கு வயிறு சரியில்லை, வேறொரு நாள் மழை இருட்டு. இப்படியே இன்னும் ஒரு கிழமை போனது.

பிறகு கடைக்காரர் திரும்பவும் அழைத்தார். இந்தத் தரம் பார்சல் என்று சொல்லவில்லை. "அருளப்பு அண்ணை மோசம் போயிட்டார், மாஸ்டர்."

அடக்கத்தன்று காலை ஆறு மணிக்கே இறங்குதுறையில் நின்றேன். காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. படகுகள் கட்டிய இடத்தில் துள்ளிக்கொண்டு கிடந்தன. இன்றைக்கு ஓட்டம் இல்லை என்றார்கள். நடுப்பகல் வரை நின்றேன். நெடுந்தீவு அந்தப் பக்கம் ஒரு கோடாகத் தெரிந்தது. கையிலிருந்த மலர்வளையத்தின் பூக்களைக் காற்று ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போனது. ஓலை வளையத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அலுமாரியின் மேல்

சேமக்காலைக்குத் திரும்புகிறேன்.

குலம் கல்லறையைச் சுற்றிக் காட்டினான். அச்சுப் பலகை கழற்றிய பக்கத்தில், கீழே, சீமெந்து மூடாமல் ஒரு கறுப்புத் துண்டு வெளியே தெரிந்தது. அதில் பாதி உடைந்த வெள்ளைப் புள்ளி. புள்ளியில் ஒரு நாலு. அதற்குப் பின்னால் இன்னொரு இலக்கம் இருந்ததா, நாலோடு முடிந்ததா என்று தெரியவில்லை. உடைவு அந்த இடத்தில்தான் விழுந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

"அது எப்பன் தெரியுது என்ன," என்றான் குலம். "யோசியாதேங்கோ, நாளைக்குப் பூசி மறைச்சு விடுறன்."

அருளப்பு வீட்டுக்குப் போனோம். குலம் வாசல் படலையோடு விடைபெற்றான். திரேசம்மா கதிரையை இழுத்துப் போட்டு, தேநீர் கொண்டுவந்து வைத்தார். கட்டிலுக்குக் கீழே வெறும் நிலம். பெட்டிகள் இருந்த இடத்தில் சீமெந்துத் தரை சதுரம் சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

"நீங்கள் வருவியள் எண்டு பாத்தவர்," என்றார் திரேசம்மா. "கடைசிக் கிழமை படலைச் சத்தம் கேட்டால், 'மாஸ்டரோ?' எண்டு கேப்பார். நான் போய்ப் பாத்திட்டு வந்து இல்லை எண்டுவன்."

நான் தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தேன்.

"செத்த பிறகு அந்தப் பெட்டியளைப் பாத்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாமக் கிடந்தது. நீங்களும் வரேல்லை. இனி வரமாட்டியள் எண்டு நினைச்சன். குலம் வந்து, கருங்கல்லு வேணும், இந்தக் காத்துக்குப் படகிலை ஏத்த மாட்டினம் எண்டான். அப்ப நான் யோசிச்சன், அவரின்ரை கல்லு அவரோடையே இருக்கட்டும் எண்டு." பிறகு என்னைக் கேட்டார். "நான் பிழை விட்டிட்டனோ மாஸ்டர்?"

எங்கள் தீவுகளில் ஒரு கருங்கல் வந்து சேர வேண்டும் என்றால் லொறி ஏறிப் படகு ஏறித்தான் வர வேண்டும். வீடு கட்டுகிறவர்களே அதை எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். அதைப் புருசனுடைய கல்லறைக்கு ஒரு குறையுமில்லாமல் கொடுத்திருக்கிறாள் இந்த மனுசி. எப்படி அதைப் பிழை என்பேன்?

"இல்லை தங்கச்சி," என்றேன். "நல்ல காரியம்தான்."

அவர் உள்ளே போய்க் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். அது மட்டும் மிஞ்சியிருந்தது. விரித்தேன். அருளப்புவின் பெரிய பெரிய எழுத்து. இலக்கம் நாலு, கறுப்புக்கல், தோணிக் குவியல். நாற்பதாம் இலக்கமும் தோணிக் குவியல். அதற்கு அடுத்த வரி:

"இலக்கம் 41. தோரமல்லி. பலாங்கொடை. மாஸ்டர் தந்தது. மாஸ்டரின்ரை அப்பான்ரை கடைக்குப் பின்னாலை ஓடுற ஆறு."

கல்லறையில் தெரிந்த துண்டு எது என்று இனி ஒருவராலும் சொல்ல ஏலாது. தோணிக் கல்லும் கறுப்பு, தோரமல்லியும் கறுப்பு. நாளைக்கு அதையும் பூசிவிடுவார்கள். அப்பாவின் கடையிலிருந்து மிஞ்சியதும், இருபது வருசம் ஒருவர் மூச்சடக்கி எடுத்ததும் அந்தச் சீமெந்துக்குள் கிடக்கின்றன. என் வீட்டில் முந்நூறு அறை வைத்த தட்டு வெறுமையாக நிற்கிறது. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் எனக்கு நேர் முன்னால்தான் நிற்கிறது.

கொப்பியை மூடும்போது திரேசம்மா கதிரையில் ஏறி, அலுமாரியின் மேல் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கை விட்டு எதையோ எடுத்தார். துணியில் சுற்றியிருந்தது. விரித்து என் முன்னால் நீட்டினார்.

பச்சை.

"இதையும் பெட்டியோடைதான் குடுத்தனான். குலம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, கண்ணாடி, கொங்கிறீற்றுக்கு ஆகாது, சீமெந்து பிடிக்காது எண்டு எறிஞ்சு போட்டான். நான் போய்ப் பொறுக்கி வந்தனான்."

கையில் வாங்கினேன். குளிர்ந்திருந்தது. வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். குமிழிகள் அப்படியே இருந்தன. ஒரு மூலையில் சின்னதாக வெள்ளைப் புள்ளி. புள்ளியில் இலக்கம் எழுதவில்லை. இலக்கம் போடுவதற்குப் பெயர் தெரிய வேண்டுமே.

"மாஸ்டர், மேசன் சொல்லுறதை நான் கேக்கேல்லை. அவன் சீமெந்து குழைக்கிறவன், அவனுக்கு என்ன தெரியும்? நீங்கள் சொல்லுங்கோ. இது கல்லோ?"

முகத்தைப் பார்த்தேன். முப்பத்தொரு நாள் அழுது வீங்கிய கண். நாற்பது வருசத்தில் ஒரு கல்லைப் பற்றியும் நான் பொய் சொன்னதில்லை. சொந்த மகளின் மோதிரக் கல்லைக்கூடக் கண்ணாடி என்று கலியாண வீட்டில் வைத்துச் சொன்னவன் நான்.

"ஓம் தங்கச்சி," என்றேன். "கல்லுத்தான். நல்ல கல்லு."

அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் கல்லை என் கையிலிருந்து வாங்கி, துணியில் திரும்பவும் சுற்றினார். சுற்றி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"அப்ப ஏன் மாஸ்டர் அண்டைக்கு இல்லை எண்டு எழுதினீங்கள்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

"அண்டைக்கு அவர் சாப்பிடேல்லை. அதுக்குப் பிறகு சங்குக்குப் போகேக்கை கல்லு எடுத்துக்கொண்டு வாறதையும் விட்டிட்டார். ஏன் எண்டு கேட்டால், எனக்குக் கல்லுத் தெரியாதாம் எண்டு சொல்லுவார்."

நான் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். படகுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.

படகுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.